உறைபனி விழாத நிலத்தில் குளிர்காலத் தோட்டவேலை: எதை முதலில், எதைப் பிறகு

மழை ஓய்ந்து, இரவில் பனி இறங்கி, பகல் வெயில் இதமாக இருக்கும் மூன்று, மூன்றரை மாதங்களுக்கான வேலை வரிசை இது. வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர் முதல் ஓரிரு ஏக்கர் வரை வைத்துக்கொண்டு, காய்கறியும் சில மரங்களும் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேலையில் அல்ல, வரிசையில். குளிர் நன்றாகப் படியட்டும் என்று காத்திருந்து, அதன்பிறகு விதை வாங்கி, அதற்கும் பிறகு மண்ணைக் கொத்துகிறார்கள். அதற்குள் மண்ணின் ஈரம் போய்விடுகிறது, பருவத்தில் ஒரு மாதமும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நாளில் பூக்கோசு கொட்டைப்பாக்கு அளவில் நின்றுவிட்டால் விதையைத் திட்டிப் பயனில்லை.

1. வெயில் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வெப்பமான பகுதியில் குளிர்காலப் பயிருக்குக் கெடு வைப்பது குளிரின் தொடக்கம் அல்ல, அதன் முடிவு. முட்டைக்கோசு, பூக்கோசு, கேரட், பட்டாணி போன்றவை பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நிலைத்துவிட்டால் சோர்ந்துபோகும். ஆகவே உங்கள் நிலத்தில் வெயில் எப்போது சுள்ளென்று அடிக்கத் தொடங்கும் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் பல வருடம் பயிர் செய்தவர்களைக் கேட்டாலே போதும்.

ஒரு கணக்கு. பிப்ரவரி 20 வாக்கில் வெயில் ஏறும் இடம் என்று வைத்துக்கொள்வோம். பூக்கோசுக்கு நாற்றங்காலில் ஏறக்குறைய 30 நாள், வயலில் ஏறக்குறைய 80 நாள். மொத்தம் 110 நாள். பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 2. அன்று விதை மண்ணில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பல இடங்களில் மழையே விட்டிருக்காது. அதனால்தான் மழை பெய்துகொண்டிருக்கும்போதே நாற்றங்கால் போட வேண்டியிருக்கிறது.

தக்காளிக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ நிற்காமல் உதிரும். பகல் 32 டிகிரிக்கு மேல் போனாலும் உதிரும். பூக்கும் காலம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுமாறு விதைக்கும் நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

2. மழை ஓய்வதற்குள் கையில் இருக்க வேண்டியவை

நன்றாக மட்கிய தொழுவுரம்தான் முதல் தேவை. அது ஒரே நாளில் உருவாகாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 2 முதல் 2.5 கிலோ என்று கணக்குப் போட்டு, போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், மண்வாசம் அடிக்க வேண்டும், சாணியோ வைக்கோலோ அடையாளம் தெரியக் கூடாது. இன்னும் சூடு இருந்தால் அது உரமாகவில்லை. வேரைக் கருக்கும், வெள்ளைப்புழுவையும் கூட்டி வரும்.

அடுத்து விதை. பூக்கோசில் முன்பருவ ரகம், நடுப்பருவ ரகம், பின்பருவ ரகம் என்று தனித்தனியாக உண்டு. பின்பருவ ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி வரை குளிர் தேவை. அதை மிதமான குளிருள்ள நிலத்தில் வைத்தால் இலை மட்டும் செழிக்கும், பூ வராது. பையின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்காமல், ரகத்தின் பருவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கு வைக்கோல், காய்ந்த இலை, கரும்புச் சோகை என எது கிடைத்தாலும் நனையாமல் சேர்த்து வையுங்கள். நாற்றங்காலுக்குப் பூவாளியும் பூச்சிவலையும் வேண்டும். கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியைச் சாணை பிடித்து வையுங்கள். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கும்; நசுங்கிய இடத்தில் பூஞ்சை ஏறும்.

3. நாற்றங்கால்: மழை பெய்யும்போதே

நிலத்திலேயே மேடான இடம் பாருங்கள். 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி போதும். மேடு ஏன் என்றால், பின்மழை ஒன்று வந்தாலும் தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும். மேல்மண்ணோடு மட்கிய உரமும் கொஞ்சம் மணலும் கலந்து கட்டியில்லாமல் உதிர்த்துக்கொள்ளுங்கள்.

விதைக்கு ட்ரைகோடெர்மா விரிடி (நாற்றழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) நேர்த்தி செய்யுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு. வீட்டுத் தோட்டத்துக்குச் சின்னப் பை விதைதான் இருக்கும். அதற்கு ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் போதும்.

விரலால் 5 செ.மீ. இடைவெளியில் கோடு கீறி, 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். வாரி இறைக்காதீர்கள். நாற்றழுகலுக்கு முதல் காரணம் நெருக்கம்தான். அடர்த்தியாக முளைத்த நாற்றுகளின் தண்டடியில் காற்றுப் புகாது, ஈரம் அப்படியே நிற்கும், தண்டு கறுத்து ஒரே இரவில் சாயும். இரண்டாவது காரணம் மாலையில் தண்ணீர் ஊற்றுவது. காலையில் ஊற்றுங்கள்.

விதைத்ததும் மேலே வைக்கோல் பரப்புவது எல்லாரும் செய்வதுதான். அதை எப்போது எடுப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நாலு முளை தலைகாட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும். மிச்சமும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் விட்டால், முளைத்தவை வெளிச்சம் தேடி நூல்போல நீண்டுவிடும். அப்படி நீண்ட நாற்று பிறகு தேறுவது அரிது.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் பூச்சிவலைக் கூடாரம் கட்டாயம் என்பேன். வெள்ளை ஈ நாற்றுப் பருவத்திலேயே இலைச்சுருட்டு நச்சுயிரியை (வைரஸ்) ஏற்றிவிட்டால், வயலில் என்ன தெளித்தாலும் செடி மீளாது.

நாற்றின் வயது ஒவ்வொன்றுக்கும் வேறு: தக்காளிக்கு 25 நாள், கோசு வகைகளுக்கு 25 முதல் 30, கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40, பெரிய வெங்காயத்துக்கு 45 வரை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் நட முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். மிளகாயையும் வெங்காயத்தையும் முதலில் விதையுங்கள், இரண்டு வாரம் கழித்துத் தக்காளியையும் கோசையும். பிடுங்குவதற்கு 4, 5 நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்துங்கள். பிடுங்குவதற்கு முதல் நாள் மட்டும் நன்றாக நனையுங்கள். வேர் அறாமல் வரும்.

4. தேங்கிய நீரை வடித்து, மிஞ்சிய ஈரத்தைப் பிடியுங்கள்

நாற்று வளரும் அந்த நாலு வாரம் நிலத்துக்கானது. மழை நின்ற மறுநாள் வயலைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் எந்த இடம் தாழ்வு என்று தெரியாது. வாய்க்கால் கீறி அந்த நீரைக் குட்டைக்கோ மரத்தடிக்கோ திருப்பிவிடுங்கள்.

அடுத்தது பதம் பார்ப்பது. 10 முதல் 15 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். பொலபொலவென்று உடைந்தால் கொத்தலாம். அப்பிக்கொண்டு அப்படியே கிடந்தால் இன்னும் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் பதம் தாண்டிவிட்டது. தண்ணீர் விட்டு, மறுபடி பதத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். மணல்சாரி மண் இரண்டு மூன்று நாளில் பதத்துக்கு வரும். களிமண்ணுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

ஈரம் கூடுதலாக இருக்கும்போது களிமண்ணில் மண்வெட்டி போட்டால், அது காயும்போது செங்கல்லாக இறுகும். அந்தக் கட்டிகள் பருவம் முழுக்க உடையாது. சின்ன விதை அவற்றின் இடுக்கில் விழுந்து காணாமல் போகும். பதம் தாண்டுவதைவிட, பதத்துக்கு முன்பு இறங்குவதுதான் பெரிய கெடுதல்.

பதம் வந்ததும் முழு நிலத்தையும் மேலோட்டமாக 4, 5 செ.மீ. ஆழம் கொத்திவிடுங்கள், உடனே நடப்போகாத இடத்தையும் சேர்த்து. மேல்மண் உதிர்ந்து கிடந்தால் கீழுள்ள ஈரம் மேலேறி ஆவியாவது குறையும். மழையோடு முளைத்த களையும் பூக்கும் முன்பே போய்விடும். விதை கட்டாத களையை அங்கேயே காயவிடலாம். கோரையை மட்டும் கிழங்கோடு தோண்டி எடுத்து வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். குப்பைக்குழிக்குள் அதைப் போட்டால் உரத்தோடு நிலம் முழுக்கப் பரவும்.

காய்கறி வைக்காத பகுதி இருந்தால் சும்மா விட வேண்டாம். உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு ஏதாவது ஒன்றை இந்த ஈரத்திலேயே விதைத்துவிடுங்கள். உளுந்து 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். பயறு கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மண் வெறுமையாகக் கிடக்காது. வேர்முடிச்சு வழியாகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேரும். இதற்கும் ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலே முளைப்பு பாதியாகிவிடும்.

5. பாத்தி: மேடா, சமமா, பள்ளமா

மேட்டுப்பாத்திதான் நவீனம் என்ற எண்ணம் பரவிவிட்டது. வறண்ட குளிர்காலத்தில் மணல்சாரி மண்ணில் மேட்டுப்பாத்தி போட்டால் பக்கவாட்டிலும் காய்ந்து, இரண்டு மடங்கு தண்ணீர் கேட்கும். அங்கே சமப்பாத்தியோ, தரையைவிடச் சற்றுத் தாழ்ந்த பாத்தியோ போடுங்கள். களிமண்ணும், பின்மழை வரும் வாய்ப்பும் இருந்தால் மேடு சரி.

அகலம் 1 முதல் 1.2 மீட்டருக்குள் இருக்கட்டும். இரு பக்கமிருந்தும் கை நடுவை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்காமல் வேலை செய்தால்தான் மண் இறுகாது.

நிழலைக் கவனியுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நிலங்களில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நிழல் வடக்கே நீளும். மழைக்காலத்தில் வெயிலாக இருந்த இடம் இப்போது பாதிநாள் நிழலில் கிடக்கலாம். உயரமான பந்தல், மக்காச்சோளம் போன்றவற்றைப் பாத்திகளின் வடபுறத்தில் வைத்தால் மற்றவற்றுக்கு வெளிச்சம் குறையாது.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட் வைக்கும் பாத்திக்குப் புதிதாகத் தொழுவுரம் போடாதீர்கள். மட்காத உரக்கட்டியும் கல்லும் தட்டுப்பட்டால் கிழங்கு இரண்டாகக் கிளைக்கும். போன பயிருக்கு உரம் போட்ட பாத்தியை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

6. நேரடியாக விதைப்பவை

நாற்று தயாராவதற்குள் இவற்றை முடித்துவிடலாம். கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்றுவிட்டு நடக் கூடாது. ஆணிவேர் முறிந்தால் கிழங்கு கோணும்.

கேரட் விதை பொடியானது. நாலு மடங்கு காய்ந்த மணலோடு கலந்து கோட்டில் தூவுங்கள். முளைக்க 7 முதல் 15 நாள் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது என்பதுதான் சிக்கல். ஈரச் சாக்கை மேலே விரித்து வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள், வெள்ளை முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பீட்ரூட்டில் ஒரு விதை என்று நாம் போடுவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒரே இடத்தில் மூன்று நான்கு முளைக்கும். கலைத்துவிட மனம் வராமல் அப்படியே விடுபவர்களுக்குக் கிழங்கு கிடைக்காது, கீரைதான் கிடைக்கும். கலைக்கும்போது பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள். பக்கத்துச் செடியின் வேர் அசையாது. கேரட்டை 5 செ.மீ.க்கு ஒன்றாகவும், பீட்ரூட்டை 10 செ.மீ.க்கு ஒன்றாகவும் கலைத்துவிடுங்கள்.

முள்ளங்கி, கீரை, கொத்தமல்லியை மொத்தமாக விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள். கொத்தமல்லி விதையை லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும்.

வெண்டை, பாகல், புடல், சுரை போன்றவற்றைக் கடுங்குளிர் வாரங்களில் விதைக்காதீர்கள். மண் குளிர்ந்திருந்தால் முளைக்காமலேயே அழுகும். பழைய பந்தல் அவரை ரகங்களுக்கும் இப்போது நேரமில்லை. பகல் குறுகும்போது பூக்கும் பயிர் அது. மழைக்காலத்திலேயே விதைத்துக் கொடியேற்றியிருந்தால் இப்போது காய்க்கும். இப்போது விதைத்தால் முழங்கால் உயரத்திலேயே பூத்து, நாலு காயோடு நின்றுவிடும்.

7. நாற்று நடவு

மாலையில் நடுங்கள். இரவுக் குளிரில் வாடாமல் வேர் பிடிக்கும். குழியில் முதலில் தண்ணீர், பிறகு நாற்று, பிறகு மண்.

தக்காளியை முதல் இலைகளின் அடி வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டில் புதுவேர் விடும். கோசுகளை விதையிலை மட்டம் வரை. கத்தரி, மிளகாயை நாற்றங்காலில் இருந்த அதே ஆழத்தில். முட்டைக்கோசுக்கு 45 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். தக்காளி, பூக்கோசு, மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 45 செ.மீ. நாற்று சின்னதாக இருக்கும்போது இது வீணான இடமாகத் தெரியும், நடுவில் ஒன்று சொருகத் தோன்றும். அந்த இடத்தில் 30 நாளில் முடியும் முள்ளங்கியோ கீரையோ போட்டுக்கொள்ளுங்கள்.

தக்காளிக்கு ஊன்றுகோலை நட்ட அன்றே ஊன்றுங்கள். ஒரு மாதம் கழித்து ஊன்றினால் கோல் வேரைக் கிழிக்கும்.

வயது கடந்த நாற்றைப் பூக்கோசில் நடவே வேண்டாம். நாற்றங்காலில் 40 நாள் கிடந்தது, தண்ணீரோ சத்தோ இல்லாமல் வாடியது எல்லாம் நட்ட கொஞ்ச நாளில் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். நல்ல செடியில் பூ எலுமிச்சை அளவு வந்ததும் வெளியிலைகளை மடித்து மேலே கட்டுங்கள். வெயில் பட்டால் பூ மஞ்சளாகும். தண்டு உள்ளே பொந்தாகி, பூ பழுப்படித்தால் போரான் என்ற நுண்சத்து குறைவு என்று பொருள். அடுத்த நடவுக்கு முன் மண்ணைச் சோதித்துச் சரிசெய்யலாம்.

8. மூடாக்கு: நனைத்த பிறகு

நாற்று வேர் பிடித்து ஒரு சாண் வளர்ந்ததும் மூடாக்குப் போடலாம். முதலில் ஒரு களை எடுத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகுதான் பரப்ப வேண்டும். மூடாக்கு ஈரத்தைக் காக்குமே தவிர உண்டாக்காது. காய்ந்த மண்ணின் மேல் பரப்பினால், லேசான பனியும் தெளிப்பும் வைக்கோலிலேயே நின்றுவிடும். அடியில் மண் வறண்டே கிடக்கும்.

கனம் 5 முதல் 8 செ.மீ. தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள், மரங்களுக்கு ஒரு சாண். தண்டை ஒட்டிப் போட்டால் ஈரத்தில் பட்டை அழுகும். கரையான் உள்ள நிலத்தில் காய்ந்த மூடாக்கு அதைத் தண்டு வரை அழைத்து வரும். வாரம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.

9. தண்ணீர்: வழக்கத்தின்படி அல்ல, மண்ணின்படி

குளிரில் ஆவியாதல் குறைவு. கோடையில் ஊற்றிய பழக்கத்தில் தினமும் ஊற்றினால் வேர் மூச்சு முட்டும், கீழிலை மஞ்சளாகும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுபவர்களும் உண்டு. விரலை 5 செ.மீ. ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம்.

ஊற்றுவது காலையில், அடிமண்ணில். பனியால் இலைகள் ஏற்கெனவே இரவெல்லாம் நனைந்திருக்கின்றன. மாலையில் இலைமேல் தெளித்தால் அந்த ஈரநேரம் இன்னும் நீளும். இலைக்கருகல், அடிச்சாம்பல் போன்ற நோய்களுக்குத் தேவையானது அதுதான். அதே காரணத்துக்காக, பனி காயும் முன் பீன்ஸ் பாத்திக்குள் போகாதீர்கள். ஈர இலையைத் தொட்ட கையும் துணியும் நோய்வித்துக்களைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்லும்.

முட்டைக்கோசு இறுகிய பிறகு, காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் தலை வெடிக்கும். தக்காளிப் பழம் வெடிப்பதற்கும், காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். அளவைவிடச் சீராக விடுவது முக்கியம்.

சொட்டுநீர் இருந்தால் பருவத் தொடக்கத்தில் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகும்வரை ஓடவிடுங்கள். மழைக்கால வண்டலும் பாசியும் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

10. குளிரோடு வரும் பூச்சியும் நோயும்

சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இந்தப் பருவத்தின் முதல் விருந்தாளி. அவரை, கோசு, மிளகாயின் கொழுந்தில் கூட்டமாக அமரும். எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். எறும்பு இருந்தால் அசுவினியும் இருக்கும். ஆரம்பத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளி எறிவதே போதும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் கொழுந்து மென்மையாகி அசுவினி இன்னும் கூடும்.

அடுத்த நிலைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பூச்சிகொல்லிப் பொருள் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால்தான் மாலை. இரண்டு நாள் வைத்திருந்து தெளித்தால் பலன் இராது, அன்றன்றைக்குச் செய்ய வேண்டும்.

கோசு நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதையுங்கள். கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி அதை விட்டுக் கடுகில் முட்டையிடும். நட்டு 25 நாள் கழித்து இன்னொரு வரிசை. கடுகைப் பார்த்துப் பார்த்து மருந்தடிக்க வேண்டும், மறந்துவிட்டால் அதுவே பூச்சிப் பண்ணையாகிவிடும்.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. பார்க்காமல் ஏதோ ஒன்றை அடிப்பதால்தான் சரியாகாமல் போகிறது.

சாம்பல் நோய்க்கு இலையில் நீர் நிற்க வேண்டியதில்லை. வறண்ட பகலும் பனி இரவும் போதும். வெண்டை, பட்டாணி, கொடிவகைகள், மாம்பூ எல்லாவற்றிலும் வரும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் வேலை செய்யும். ஆனால் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும், எண்ணெய்க் கரைசல் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது. கொடிகளில் ஒரு செடிக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

11. மரங்கள்: எதை வெட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது

குளிர்காலம் என்றால் கவாத்துக்காலம் என்று படித்துவிட்டுக் கத்தரியோடு கிளம்புபவர்களை நிறுத்துவதுதான் இந்தப் பகுதியின் நோக்கம். இலையுதிர்ந்து உறங்கும் மரங்களுக்குச் சொன்ன விதி அது. வெப்பநிலத்து மரங்கள் உறங்குவதில்லை; சில இப்போதுதான் பூவுக்குத் தயாராகின்றன.

மாமரத்தைத் தொடாதீர்கள். பூ வருவது முற்றிய கிளைநுனியில். இப்போது நுனியை வெட்டினால் அந்த வருடக் காயை வெட்டுகிறீர்கள். மாமரக் கவாத்து அறுவடை முடிந்ததும் செய்ய வேண்டியது. தண்ணீரையும் நிறுத்துங்கள். பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் மண்ணைக் காயவிட்டால்தான் மரம் தளிர்விடாமல் பூவுக்குத் திரும்பும். மரத்தடியில் ஆழமாகக் கொத்துவதோ தழைச்சத்து உரம் போடுவதோ வேண்டாம். பக்கத்துக் காய்கறிப் பாத்தியின் தண்ணீர் மாமர வேருக்குப் போவதுதான் பலரும் கவனிக்காதது. அதனால் பூக்க வேண்டிய கிளையெல்லாம் தளிர்த்து நிற்கும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீரைத் தொடங்கலாம்.

மல்லிகைக்கு நேர் எதிர். குளிர் தொடங்கும்போது தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே வெட்டிவிடுங்கள். இலைகளை உருவி, அடிமண்ணைக் கொத்தி உரமிட்டு, பிறகு தண்ணீர். புதுக்கிளையில்தான் மொட்டு வரும்.

வாழை 15 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். புது இலை வரவில்லையே என்று உரம் கொட்ட வேண்டாம், சூடு வந்ததும் தானே நகரும். பக்கக் கன்றுகளை ஒன்று விட்டு மற்றதை எடுங்கள், தார் விட்டதற்கு முட்டுக்கொடுங்கள்.

எந்த மரமானாலும் காய்ந்த, உடைந்த, நோய்பட்ட கிளையை எப்போதும் எடுக்கலாம். நோய்ப்பட்டதை வெட்டிய பிறகு அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கனமான கிளையென்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை சாயும்போது பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு போகும்.

பெரிய வெட்டுக்காயத்துக்குப் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது விகிதம். தேவைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பாதிப் பாதித் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. உலோகப் பாத்திரம் ஆகாது. மண்பானை, பிளாஸ்டிக், மரம் எதுவும் சரி. கலந்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் துத்தம் மிகுதி; இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே பூசிவிட வேண்டும்.

12. உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் குவியுங்கள்

1 மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாத குவியல்தான் சூடேறும். குளிரில் சின்னக் குவியல் சூட்டை இழந்து அப்படியே கிடக்கும். மூன்று பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு பச்சைத் தழையோ சாணமோ. வெறும் இலையை மட்டும் குவித்துவிட்டு ஆறு மாதம் கழித்தும் மட்கவில்லை என்பவர்கள் பச்சையைச் சேர்க்காதவர்கள்.

பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியும் அளவு நனைத்து, நாலாம் ஐந்தாம் நாள் நடுவில் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சரி. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களைவிதை செத்துவிடும். சூடு தணிந்ததும் புரட்டுங்கள். தென்னை உள்ள நிலத்தில் புரட்டும்போதெல்லாம் காண்டாமிருக வண்டின் கொழுத்த வெள்ளைப் புழு இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். அது பெருகும் இடமே எருக்குழிதான்.

13. வெயில் ஏறுவதற்கு முந்தைய மூன்று வாரம்

நிலத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லை 2, 3 மீட்டர் அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள். பக்கத்து வேலியில் யாரோ வைத்த நெருப்பு உங்கள் மூடாக்குக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் வர ஒரு காற்று போதும்.

விதைக்கு விட வேண்டிய செடியை இப்போதே நூல் கட்டிக் குறியுங்கள். முதலில் காய்த்த, நோயில்லாத செடியாக இருக்கட்டும். கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விதைக்கு விடும் பழக்கம் வேண்டாம். வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகங்களிலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடிபோல் வராது.

குட்டையில் நீர் இறங்கியதும் வண்டலை அள்ளி மரத்தடியிலோ காலிப் பாத்தியிலோ பரப்புங்கள். பயறு அறுத்த இடத்தில் வேரைப் பிடுங்காமல் தண்டோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

கோடைக்கான பாகல், புடல், பீர்க்கு, சுரையை இப்போது பைகளில் விதைக்கலாம், ஒரு பைக்கு இரண்டு விதை. பைகளைக் காலை வெயில் படும் சுவரோரம் வையுங்கள். சுவர் வாங்கிய சூடு இரவில் முளைக்கு உதவும். இரண்டு மூன்று இலை விட்டதும், இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போகாத வாரம் பார்த்து, மண் உருண்டை உடையாமல் பையைக் கிழித்து நடுங்கள். பந்தல்கால் அதற்கு முன்பே ஊன்றியிருக்க வேண்டும்.